ஹாலில் ஒரு பெட்டி, அதன் எதிரே ஆறு பேர்

பேசினால் கேட்கிற திரைப்பெட்டி ஒன்றை வீட்டில் வைக்க வைஃபை, பாஸ்வேர்டு எல்லாம் அப்புறம். முதலில் இடம் வேண்டும். எங்கள் வீடு ராயபுரத்தில், கல்மண்டபத்திலிருந்து உள்ளே போகிற சந்துகளில் ஒன்றில் இருக்கிறது. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு கிச்சன், மாடிப்படிக்குக் கீழே மோட்டார். ஆட்கள் ஆறு பேர்: அத்தை, மாமா, நாங்கள் இரண்டு பேர், ஒன்பதாவது படிக்கிற மகள், மூன்றாவது படிக்கிற மகன். ஹாலிலேயே டிவி, ஃபிரிட்ஜ், பீரோ, தையல் மிஷின், சாமி ஷெல்ஃப் எல்லாம். ராத்திரியானால் அதே ஹாலில் பாய் விரித்து நான்கு பேர் படுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருக்கிற என் கொழுந்தன்தான் ஆன்லைனில் ஆர்டர் போட்டு எங்கள் விலாசத்துக்கு அனுப்பிவைத்தார். அம்மா அப்பா முகத்தைத் தினமும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. போனில் வீடியோ கால் போட்டால் அத்தை நெற்றியையும் சீலிங் ஃபேனையும் மட்டும்தான் காட்டுவார். இது ஓரிடத்தில் நிற்கும், கையால் பிடிக்க வேண்டாம், பெயரைச் சொன்னால் போதும், பாட்டு போடும், மணி சொல்லும், போட்டோ காட்டும். எந்தக் கம்பெனி பெட்டி என்பதை விடுங்கள். நான் சொல்லப்போகிற பலதும் எல்லாப் பெட்டிக்கும் பொதுவானது.

அட்டைப்பெட்டியின் மேல் ஒரு படம் போட்டிருந்தது. பெரிய கிச்சன், வெள்ளை மேடை, பெரிய ஜன்னல், கீரை நறுக்குகிற ஒரு பெண். மேடையின் ஓரத்தில் இந்தப் பெட்டி. அந்தப் படத்தில் வேறு ஆள் இல்லை. பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை, பக்கத்தில் மிக்ஸி ஓடவில்லை. இத்தனை மாதம் இதனோடு வாழ்ந்த பிறகு எனக்குத் தோன்றுவது, இந்தப் பெட்டியைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்தது அந்தப் பெண்ணைத்தான். தனியாக இருப்பவர், ஒரு நேரத்தில் ஒரு விஷயம் பேசுபவர், பேசும்போது யாரும் குறுக்கே பேசாதவர். எங்கள் சந்தில் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

கிச்சனில் வைத்துப் பார்த்தோம். எங்கள் கிச்சனில் மேடையே இரண்டு அடிதான். தாளிக்கிற எண்ணெய் தெறிக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் அதற்குக் காது கேட்காது. ரூமில் வைத்தால் பிள்ளைகள் படிக்கிறேன் என்ற பெயரில் அதோடு கதை அடிப்பார்கள். ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தால் சீரியல் வசனத்துக்கெல்லாம் திடீர் திடீரென்று விளக்கு எரிந்தது. சாமி ஷெல்ஃபுக்குக் கீழே காலியாக இருந்த தட்டை நான் காட்டினேன். "அது பொம்பள கொரல்ல பேசுது, கண்ட நேரத்துல கண்டதப் பேசும், சாமி பக்கத்துல வேணாம்" என்று அத்தை முடித்துவிட்டார். கடைசியில் ஜன்னலோரம் தையல் மிஷின் மேல் நிலைத்தது. துணி தைக்க வேண்டுமென்றால் பெட்டியைத் தூக்கிக் கட்டிலில் வைக்க வேண்டும்.

அடுத்த சண்டை கேமராவுக்கு. ஹால்தான் எங்களுக்கு உடை மாற்றுகிற இடம், தலை துவட்டுகிற இடம், மாமா துண்டோடு உட்கார்ந்து காற்று வாங்குகிற இடம். அங்கே இரண்டு கண் திறந்தபடி ஒரு பெட்டி என்றால் யாருக்குப் பிடிக்கும்? கேமராவை மூட ஒரு சின்னத் தள்ளுபொத்தான் இருக்கிறது, தள்ளினால் லென்ஸுக்கு முன்னால் பிளாஸ்டிக் மூடி வந்து நிற்கும், சாஃப்ட்வேரால் அதைத் திறக்க முடியாது என்று நான் விளக்கினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "மூடிக்கீதா தொறந்துகீதான்னு எட்ட நின்னு பாத்தா தெரியணும்மா" என்றார். ஜாக்கெட் பிட் ஒன்று, ராமர் பச்சை, வந்து பெட்டியின் தலைமேல் உட்கார்ந்தது. அத்தை சொன்னதில் நியாயம் இருக்கிறது. மடிக்கணினி கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுகிற ஐடிக்காரர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

இந்த ஜாதிப் பெட்டிகள் வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. பேச்சு மட்டும் கேட்கிற ஸ்பீக்கராக அமேசானின் எக்கோ 2014 கடைசியில் அமெரிக்காவில் வந்தது. திரை வைத்த எக்கோ ஷோ 2017-இல். கூகுள் தன் ஹோம் ஹப்பை 2018 அக்டோபரில் அறிவித்தது, அடுத்த வருடமே அதற்கு நெஸ்ட் ஹப் என்று பெயர் மாற்றியது. முதலில் குரல் மட்டும் போதும் என்று நினைத்தவர்கள் மூன்றே வருடத்தில் திரையைச் சேர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். காதால் மட்டும் கேட்டு எல்லாக் காரியமும் ஆகாது என்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் முதலில் இடித்தது, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்கிற விதி.

அத்தை மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. ரேஷன் கார்டு விஷயமாக ஆபீசில் கணவர் பெயர் கேட்டால்கூட பக்கத்தில் இருக்கிற என்னைப் பார்ப்பார், நான் சொல்ல வேண்டும். மாமாவும் அத்தையை "இந்தாமே" என்பதோடு சரி. நான் என் கணவரை "இன்னாங்க" என்றால் அவருக்கு மட்டும்தான் திரும்பத் தெரியும். ஒரே ஹாலில் ஆறு பேர் இருந்தும், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது குரலிலும் முகம் திரும்புகிற திசையிலும் தெரிந்துவிடுகிறது. பெட்டிக்கு இது எதுவும் ஆகாது. ஒவ்வொரு தடவையும் பெயரைச் சொல்ல வேண்டும். பாட்டுக்கு ஒரு தடவை, சத்தம் குறைக்க இன்னொரு தடவை, நிறுத்த இன்னொரு தடவை.

பிள்ளைகளுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. வேலைக்காரியை அதட்டுவது மாதிரி என் மகன் கத்துவான். அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "பொம்பள பேரு, வயசு தெரியாது, இப்டியாடா கூப்புடுவ?" என்று கேட்டார். அவர் கூப்பிடும்போது பெயருக்குப் பின்னால் ஒரு "ம்மா" சேர்ப்பார். சேர்த்தால் பாதி நேரம் அதற்குப் புரியாது. சேர்க்காமல் கூப்பிடு ஆயா, அப்பத்தான் வேலை செய்யும் என்று பேத்தி சொன்னாள். அத்தை கேட்கவில்லை. இன்றைக்கும் "ம்மா" போட்டுத்தான் கூப்பிடுகிறார். திரும்பினால் திரும்பட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

ஏன் புரிவதில்லை என்று நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். எஞ்சினியர் இல்லை, ஆனால் எதையும் கிளறிப் பார்க்கிற பழக்கம் உண்டு. பெட்டிக்குள் இருக்கிற சின்னப் புரோகிராம் ஒன்று எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது காத்திருப்பது அந்த ஒரு பெயருக்கு மட்டும். கடைசிச் சில விநாடிகளின் சத்தத்தை வைத்திருந்து, பெயர் வராவிட்டால் அதன் மேலேயே அடுத்த சத்தத்தை எழுதிவிடும். பெயர் வந்துவிட்டால் அதற்கப்புறம் நாம் பேசுவது இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கேதான் பேச்சை எழுத்தாக்கி, என்ன வேண்டும் என்று புரிந்துகொண்டு, பதில் திரும்பி வரும். அதனால்தான் நெட் போனால் பெட்டியும் ஊமையாகிவிடுகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பெட்டி தானே சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது நாம் கூப்பிட்டால் அதற்குக் கேட்கிறது. டிவி ஓடும்போது, சத்தம் குறைவாக இருந்தால்கூட, கேட்பதில்லை. காரணம் எளிது. தான் என்ன பாட்டுப் போடுகிறது என்று அதற்குத் தெரியும், வருகிற சத்தத்திலிருந்து அதைக் கழித்துவிடும். டிவி என்ன பேசுகிறது என்று அதற்குத் தெரியாது, கழிக்க முடியாது. எங்கள் ஹாலில் சாயங்காலம் ஆறு மணிக்கு டிவி, டேபிள் ஃபேன், பக்கத்து வீட்டு அடிபம்பு, தெருமுனையில் கன்டெய்னர் லாரி ஹாரன், சர்ச் மணி, பள்ளிவாசல் பாங்கு, கோயில் ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றாகக் கேட்கும். அந்த நேரத்தில் பெட்டியிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் தையல் மிஷின் மேல் குனிந்து அதன் காதில் சொல்ல வேண்டும்.

பெயரைச் சொன்னால் போதும், யார் கூப்பிட்டாலும் அது விழித்துக்கொள்ளும். 2017 ஏப்ரலில் அமெரிக்காவில் பர்கர் கிங் ஒரு டிவி விளம்பரம் போட்டது. விளம்பரத்தில் வருகிற ஆள் கூகுள் ஸ்பீக்கரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எங்கள் பர்கர் பற்றிச் சொல் என்பார், பார்த்துக்கொண்டிருக்கிற வீடுகளில் இருந்த ஸ்பீக்கரெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. எங்களுக்கு அவ்வளவு பெரிய கம்பெனி தேவைப்படவில்லை. எதிர்வீட்டுப் பையன் போதும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொல்லி ஒரு கானா பாட்டுக் கேட்பான், பாட்டு வந்ததும் ஓடிவிடுவான். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டிக்கு மிக நன்றாகப் புரிகிற குரல் எங்கள் வீட்டு ஆளுடையதே இல்லை. அந்தப் பையனுடைய கீச்சுக் குரல்தான்.

மொழி விஷயம் தனிக் கதை. நாங்கள் பெட்டியை வைத்தபோது அதன் செட்டிங்கில் நமக்கு என்று இருந்தது ஆங்கிலமும் இந்தியும்தான். போனில் இருக்கிற கூகுள் அசிஸ்டன்ட்டிடம் பல வருடமாகத் தமிழிலேயே கேட்கலாம், அது செய்தி வாசிப்பவர் மாதிரி சுத்தத் தமிழில் பதில் சொல்லும். எக்கோ பெட்டிக்குள்ளிருந்து பேசுகிற அலெக்சாவுக்கு 2019-இல் இந்தி வந்தது. ஹாலில் இருக்கிற பெட்டிக்குத் தமிழ்ப் பாட்டுத் தெரியும், தமிழ்ப் பேச்சுத் தெரியாது. அதனால் வீட்டில் ஒரு புதுமாதிரி ஆங்கிலம் பிறந்தது. மாமா "எம்.ஜி.ஆர். சாங்ஸ்" என்று இரண்டே சொல்லில் முடிப்பார், அது உடனே வந்துவிடும். அத்தை பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். அவரே நாலைந்து ஆங்கில வாக்கியத்தை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார். எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தனித்தனியாகத் தெரியாது, மொத்தமாகச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும்.

அதில் ஒன்று தங்கம் விலை. "டுடே கோல்டு ரேட்" என்று கேட்கப் பேத்தி சொல்லிக்கொடுத்தாள். அத்தை கேட்டார். பெட்டி ராயபுரத்தில் இப்போது முப்பத்து மூன்று டிகிரி என்று சொன்னது. மறுபடியும் கேட்டார். ஜலதோஷத்துக்கு என்ன செய்யலாம் என்று ஆரம்பித்தது. கோல்டு என்று நம் வாயில் வருவது அதன் காதில் குளிராகவும் சளியாகவும் விழுகிறது. முதல் எழுத்தை அடித்தொண்டையிலிருந்து அழுத்திச் சொல்லு ஆயா என்று பேத்தி ஒரு வாரம் பயிற்சி கொடுத்தாள்.

ஒரு நாள் சரியாகப் புரிந்துகொண்டு விலையும் சொன்னது. கேட்ட அத்தை நெஞ்சில் கைவைத்துவிட்டார். பெட்டி சொன்னது பத்து கிராம், 24 காரட் விலை. நம் ஊரில் யார் பத்து கிராம் கணக்குப் பார்க்கிறார்கள்? கிராம், இல்லாவிட்டால் சவரன். சவரன் என்றால் எட்டு கிராம், நகை என்றால் 22 காரட். அதைப் பத்தால் வகுத்து, எட்டால் பெருக்கி, அப்புறம் 24-க்கு 22 என்று குறைத்தால்தான் எம்.சி. ரோடு நகைக்கடைப் பலகையில் இருக்கிற விலைக்குக் கிட்டே வரும். அத்தை இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. "இது எந்த ஊரு வெலயோ" என்று சொல்லிவிட்டு டிவியில் கீழே ஓடுகிற வரியைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைக்கு காசிமேட்டில் வஞ்சிரம் என்ன விலைக்குப் போனது என்று கேட்டிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது. விடியற்காலை ஏலத்தில் கூறு என்ன விலைக்குப் போனது என்பதை இன்டர்நெட்டில் யாரும் போட்டுவைப்பதில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை என்று கேட்டால் சொல்லும். அது எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

வானிலையும் அப்படித்தான். சென்னைக்கு என்று நாம் கேள்விப்படுகிற வெயில் கணக்கு பெரும்பாலும் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் எடுப்பது. மே மாதத்தில் மீனம்பாக்கம் கொதிக்கிற நேரத்தில் எங்கள் பக்கம் கடல் காற்றுத் திரும்பியிருக்கும். பெட்டி நாற்பது என்று பயமுறுத்தும்போது அத்தை வாசற்படியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு தடவை அது எல்லார் மனதையும் குளிரவைத்தது. மகனுக்கு வீட்டுப்பாடம். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் எது என்று கேட்டான். பெட்டி யோசிக்காமல் ராயபுரம் என்றது, 1856 என்றும் சேர்த்துச் சொன்னது. அதன் வாயில் ராயபுரம் என்னவோபோல் வந்தது, இருந்தாலும் எங்கள் ஊர்ப் பெயர். அந்த வருடம் ஜூலை 1-ஆம் தேதி அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் போனது. அவனை ஸ்டேஷனுக்கே கூட்டிக்கொண்டு போய்த் தூண்களைக் காட்டிவிட்டு வந்தார் மாமா.

பெட்டியோடு போனில் ஒரு ஆப் வருகிறது. அதில் பெட்டி இதுவரை கேட்டதெல்லாம் வரிசையாக, தேதி நேரத்தோடு, எழுத்தாக இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டால் குரலும் வரும். இப்படி ஒரு பக்கம் இருப்பது பலருக்குத் தெரியாது, போய்ப் பாருங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். மகனின் பாட்டு, மாமாவின் எம்.ஜி.ஆர்., எதிர்வீட்டுப் பையன், அத்தையின் தங்கம் அத்தனையும் இருந்தது. நடுநடுவே யாரும் கூப்பிடாமலே அது விழித்துக்கொண்டு எழுதிவைத்தவையும் இருந்தன. ஒரு வரி மீன்காரம்மா குரல், அதை ஏதோ ஆங்கிலப் பெண் பெயராக எழுதியிருந்தது. இன்னொன்று நானும் என் கணவரும் ஸ்கூல் ஃபீஸ் பற்றிப் போட்ட சண்டையில் ஆறேழு விநாடி. எழுத்தில் அது "தெளிவாகக் கேட்கவில்லை" என்று இருந்தது. தொட்டால் குரல் தெளிவாகவே கேட்டது.

எங்கள் சந்தில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு. அந்தச் சண்டையைப் பக்கத்து வீட்டு அக்காவும் கேட்டிருப்பார். மறுநாள் பம்படியில் "இன்னா, ஃபீஸ் கட்டியாச்சா?" என்று கேட்கவும் செய்தார். அப்புறம் இந்தப் பெட்டி கேட்டால் மட்டும் என்ன என்று என் கணவர் சொன்னார். அப்படி இல்லை. அக்கா வீட்டுச் சண்டையும் எனக்குக் கேட்கும். அவர் கேட்டது எனக்குத் தெரியும், நான் கேட்டது அவருக்குத் தெரியும், அதனால் இரண்டு பேரும் ஒரு அளவோடு இருப்போம். கம்பெனி என் வீட்டைக் கேட்கிறது, கம்பெனி வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு ஒரு வார்த்தை கேட்காது. 2019-இல் அமேசான், கூகுள், ஆப்பிள் மூன்று கம்பெனிகளிலும் இந்தப் பதிவுகளில் ஒரு பங்கை மனிதர்கள் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கிறார்கள் என்று அடுத்தடுத்துச் செய்தி வந்தது. அதற்கப்புறம்தான் வேண்டாம் என்று சொல்லிக்கொள்கிற வசதியை முறையாகக் கொடுத்தார்கள். 2023-இல் குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்த வழக்கில் அமேசான் அமெரிக்காவில் இரண்டரைக் கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. எங்கள் பெட்டியில் மனிதர் கேட்பதற்கான அனுமதியை நிறுத்திவிட்டேன், பதிவுகள் மூன்று மாதத்தில் தானாக அழிவது மாதிரி வைத்திருக்கிறேன். ராத்திரி படுக்கும்போது மைக் பொத்தானை அழுத்திவிடுவோம், சிவப்பு விளக்கு வரும். அது அத்தைக்குத் தூரத்திலிருந்தே தெரிகிறது, அதனால் நம்புகிறார்.

இனி மாமா. மாமா துறைமுகத்தில் சிக்னல் மேனாக இருந்தவர். கப்பலின் அடித்தளத்தில் மூட்டை ஏற்றி இறக்கும்போது, மேலே வின்ச், அதாவது சரக்குத் தூக்குகிற மிஷின், ஓட்டுகிறவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஹேட்ச் என்கிற மேல்தளத் திறப்பின் ஓரத்தில் ஒருவர் நின்று கீழேயும் பார்த்து மேலேயும் பார்த்துக் கையால் சொல்வார். அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாம் விரலும் உள்ளங்கையும்தான். 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்த பிறகும் மூட்டைச் சரக்கு ரொம்ப வருடம் இருந்தது, மாமா ரிட்டயர் ஆகும்வரை அந்த வேலைதான். அந்த வாழ்க்கையில் காது பாதி போய்விட்டது, குரல் இரண்டு மடங்காகிவிட்டது. மாமா கூப்பிட்டால் அந்தச் சத்தத்தில் பெட்டி திணறும். மாமாவுக்கு அது சொல்கிற பதிலும் கேட்காது. எம்.ஜி.ஆர். சாங்ஸ் தவிர வேறு கொடுக்கல் வாங்கல் இரண்டு பேருக்கும் இல்லை.

இந்தப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. அலாரம் அடிக்கும்போது கேமராவுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நின்றுவிடும். படத்தை வெளியே அனுப்பாமல் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும் வேலை அது என்று கம்பெனி சொல்கிறது. மகள் அதைக் கண்டுபிடித்துத் தாத்தாவிடம் காட்டினாள். மாமா கட்டிலில் இருந்து எழுந்திருக்கவில்லை. முழங்கையை மடக்கி, மணிக்கட்டை நேராக்கி, ஐந்து விரலையும் ஒட்டவைத்து, உள்ளங்கையைப் பெட்டிக்குக் காட்டினார். ஒரு நொடி அப்படியே வைத்திருந்து இறக்கினார். அலாரம் நின்றது. எங்களுக்கு இரண்டு மூன்று தடவை ஆட்டினால்தான் நிற்கும். மாமாவுக்கு முதல் தடவையே நின்றது. "கைய ஆட்டக்கூடாது. ஆட்டுனா மேல இருக்கறவன் கொழம்பிடுவான்" என்றார்.

அதிலிருந்து அலாரம் நிறுத்துவது மாமா வேலை. ஆனால் கேமரா மேல் ஜாக்கெட் பிட் இருந்தால் கை தெரியாது. மாமா எடுப்பார், அத்தை போடுவார். மாமா துண்டோடு உட்கார்ந்திருக்கும்போது துணியை எடுத்தால் அத்தைக்குக் கோபம் வரும், அத்தை தலை துவட்டும்போது துணி இருக்கிறதா என்று மாமாவே பார்த்துக்கொள்வார். பேசிவைத்து நடந்ததில்லை, தானாக அமைந்தது.

கொழுந்தன் நினைத்த வீடியோ கால் எப்படி என்றால், நன்றாகவே நடக்கிறது. ஞாயிறு சாயங்காலம் டிவியை அணைத்து, துணியை எடுத்து, எல்லாரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தால் ஆறு பேரும் தெரிகிறோம். பேச வேண்டியதை அத்தை பேசுவார், மற்றவர்கள் இடையிடையே. கேட்காமலே அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்து பார்க்கிற ஒரு வசதியும் உண்டு, வயதான பெற்றோர் வீட்டுக்காகச் சிலர் வைத்துக்கொள்வார்களாம். அதை மட்டும் வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டேன், அவரும் புரிந்துகொண்டார்.

மற்ற நேரங்களில் பெட்டி போட்டோ காட்டும். கொழுந்தன் சேர்த்துவைத்த ஆல்பத்திலிருந்து ஒன்று மாற்றி ஒன்று வரும். அதில் அத்தையின் அம்மா படமும் எப்படியோ சேர்ந்துவிட்டது, மாலை போட்ட சுவர்ப்படத்தை யாரோ போனில் எடுத்தது. சிங்கப்பூர்ப் பேத்தி நூடுல்ஸ் சாப்பிடுகிறாள், அடுத்து மாலையோடு கொள்ளுப்பாட்டி, அடுத்து மிருகக்காட்சிசாலை. அத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு அதை எடுக்கச் சொன்னார். சுவரில் இருக்கிற படத்துக்குத் தினமும் பூ வைக்கிறோம், இதற்கு எப்படி வைப்பது என்பது அவர் கேள்வி. எடுத்துவிட்டேன்.

கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும், உள்ளே பேட்டரி கிடையாது. எங்கள் இன்வெர்ட்டரில் இரண்டு ஃபேனும் மூன்று லைட்டும்தான், பெட்டிக்கு இடமில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் திரும்பி வரும்போதுதான் தொல்லை. மொத்தத் திரையும் வெள்ளையாக எரிந்து, டிங் என்று ஒரு சத்தம் போட்டு, பாயில் படுத்திருக்கிற நான்கு பேரையும் எழுப்பிவிடும். கடல் காற்று வேறு. அடாப்டர் பின் பச்சை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, மாதத்துக்கு ஒரு தடவை துடைக்கிறேன். எங்கள் பக்கம் எந்தச் சாமானுக்கும் இந்தச் சேவகம் உண்டு.

சமையலுக்கு டைமர் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இந்தப் பெட்டிகளை எல்லாரும் புகழ்கிறார்கள். நாங்கள் நிமிடக் கணக்கில் சமைப்பதில்லை. பருப்புக்கு நான்கு விசில், சாதத்துக்கு மூன்று. விசிலை யார் எந்த மூலையில் இருந்தாலும் எண்ணிவிடுவோம். மீன் குழம்புக்கு விசிலும் கிடையாது, எண்ணெய் மேலே மிதந்துவந்தால் இறக்க வேண்டும், அதைப் பெட்டி என்ன கண்டது.

ஆனால் மோட்டார்! கீழே தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்ற இருபது நிமிடம் ஆகும். போட்டவர் மறந்துவிடுவார். தண்ணீர் வழிந்து சந்தெல்லாம் ஓடும், எதிர்வீட்டில் இருந்து "மோட்டாரூ" என்று கத்துவார்கள். அதற்குப் பெட்டி கைகொடுத்தது. மோட்டார் போட்ட கையோடு அதனிடம் இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டால் போதும். அலாரம் அடிக்கும், மாமா கையைக் காட்டுவார், நான் கீழே போய் அணைப்பேன். மாதக்கணக்கில் யாரும் எங்களைப் பார்த்துக் கத்தவில்லை.

இதைக் கேள்விப்பட்டுக் கொழுந்தன் அடுத்த திட்டத்தோடு வந்திருக்கிறார். பேசினால் எரிகிற பல்பு, பேசினால் ஓடுகிற ஃபேன், எல்லாம் பெட்டியோடு சேர்த்துவிடலாமாம். எங்கள் ஹாலில் எங்கே உட்கார்ந்தாலும் சுவிட்ச்போர்டு கைக்கு எட்டும், பல்பெல்லாம் வேண்டாம் என்றேன். மோட்டாருக்கு மட்டும் ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கினால் கீழே இறங்கிப் போகிற வேலை மிச்சம் என்று எனக்கு ஆசை இருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மோட்டாரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அதன் தலையில் இருந்த ஜாக்கெட் பிட்டையும் பார்த்தார். "போட்டப்புறம் நெட் போய்ட்டா யாரும்மா ஆஃப் பண்றது?" என்று கேட்டார். மாடித் தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போட்டால் தண்ணீர் நிரம்பியதும் தானே அணைந்துவிடும், நெட்டும் வேண்டாம், செலவும் கம்மி என்றார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.